காத்திருக்கத் தெரியாதவன் எடுத்த இன்சூரன்ஸ்

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. இதை ஏதோ பட்டம் வாங்கினது போல வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சர்ச்சில் நடந்த என் கல்யாணப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனபோது, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை என் மாமனார் கவனித்துவிட்டார். "மாப்பிள்ளைக்கு அடுத்த கப்பல் காத்துக் கெடக்கோ?" என்று பந்தியில் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உண்மையாகவே ஒரு கப்பல் காத்துத்தான் கிடந்தது. அதனால் நான் சிரிக்கவில்லை.

என் பெயர் அம்புரோஸ். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் போர்டிங் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பல் வந்ததும் கயிற்றேணியில் ஏறிப் போய் கேப்டனிடம் காகிதங்களை வாங்குவது, அதைத் தூக்கிக்கொண்டு கஸ்டம்ஸ், துறைமுக ஆபீஸ் என்று அலைவது, கப்பலைக் கரையில் கட்ட பெர்த் கொடுங்கள் என்று கெஞ்சுவது, இதுதான் வேலை. பெர்த் கிடைக்காமல் கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றால், நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்று தண்டம் ஏறும். தண்டம் யார் தலையில் விழுந்தாலும் ஏச்சு என் தலையில்தான் விழும். எங்கோ குளிர்தேசத்தில் இருக்கிற கப்பல் முதலாளி தொலைபேசியில் கத்துவான். எனக்கு அவன் பாஷை பாதி புரியாது, கோபம் முழுசாகப் புரியும்.

அப்படியே வருஷங்கள் போனதில் நிற்கிற எதைப் பார்த்தாலும் எனக்கு ஆகாது. ரயில்வே கேட் மூடியிருந்தால் ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து கேட் கீப்பரைத் திட்டுவேன். தோசைக்கல் சூடாகும் முன்னே தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். யாராவது பேச ஆரம்பித்தால் அவர் வாக்கியத்தை நானே முடித்துவைப்பேன், பெரும்பாலும் தப்பாக.

இன்னொரு பழக்கமும் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டது. கப்பலில் என்னென்ன இருக்கிறது என்று கஸ்டம்ஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாத பொருள் ஒன்று அகப்பட்டால் அது கடத்தல். ஒருமுறை ஒரு கேப்டன் தன் அலமாரியில் இருந்த சிகரெட் பெட்டியை எழுத மறந்துபோக, அதிகாரிகள் கப்பலையே தலைகீழாகப் புரட்டிப் போட்டார்கள். அன்றிலிருந்து நான் ஏறுகிற கப்பலில் ஊறுகாய் பாட்டிலைக்கூட விடாமல் எழுதச் சொல்வேன். எழுதியவனை யாரும் பிடிக்க முடியாது என்பது என் சித்தாந்தம். இந்தச் சித்தாந்தத்தை வைத்துத்தான் பின்னால் என் வீட்டுக்கே தீ வைத்தேன்.

ஓய்வுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு மருத்துவ சங்கம் இருந்தது. கப்பல் ஏஜென்சிகளிலும் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனிகளிலும் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து நடத்துவது. வருஷத்துக்கு ஒருமுறை சந்தா கட்டினால், ஊருக்குள் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நமக்கும் பெண்டாட்டிக்கும் வைத்தியம் பார்ப்பார்கள். டாக்டர் நல்லவர், மருந்து நல்லது, அறுவை சிகிச்சை வரைக்கும் சங்கமே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குறை. நிற்க வேண்டும். சரியாகச் சொன்னால் உட்கார வேண்டும், நீளமான மர பெஞ்சில், காலையில் போனால் மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும்.

அந்த பெஞ்சுக்கு ஒரு வழக்கம் உண்டு. டோக்கன் கிடையாது. விடிந்ததும் யாராவது ஒருவர் வந்து தன் துண்டையோ குடையையோ போட்டு இடம் பிடிப்பார். அடுத்தவர் அதற்குப் பக்கத்தில் தன் பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். யார் பொருள் எது என்று எல்லோருக்கும் தெரியும். முறை வந்ததும் நர்ஸ் கிருபை வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் குரலுக்கு மைக்கே தேவையில்லை, எதிர்ப்பக்கத்து டீக்கடையில் இருப்பவன்கூட எழுந்து வருவான். என் மனைவி மெட்டில்டாவுக்கு அந்த பெஞ்சு உயிர். யார் மகளுக்குக் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, சீலா மீன் என்ன விலை, எல்லாம் அங்கேதான். அவள் மாத்திரைக்காகப் போகிறாளா, சேதிக்காகப் போகிறாளா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம்.

நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் டெமரேஜ் கணக்குப் போடுவேன். யார் எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார், டாக்டர் எத்தனை முறை எழுந்து போனார், எல்லாம் கவனிப்பேன். சங்கச் செயலாளர் சங்கரபாண்டியனிடம் வாரம் ஒரு யோசனை சொல்வேன். அவர் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர், எங்கள் காலத்தில் சரக்கு இறக்குவதை மேற்பார்வை பார்த்தவர். வயலில் தண்ணீர் பாய்கிற வேகத்தில்தான் பேசுவார்.

"அண்ணாச்சி, இங்கன யாருக்கு அவசரம்? எல்லாரும் ரிட்டயர்டு ஆளுக. வெரசலாப் பாத்துட்டு வெரசலாப் போயி என்ன செய்யப் போறோம்?" என்றார் ஒருநாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போது யாரிடமும் சொல்லாதது. அந்த பெஞ்சில் எனக்குப் பிடிக்காதது நேரம் போவது மட்டும் இல்லை. போன மாதம் துண்டு போட்ட ஆள் இந்த மாதம் வரமாட்டார். அவர் இடத்தில் இன்னொருவர் துண்டு விழும். பெஞ்சு முழுக்கச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருக்கும், ஆனால் எல்லோரும் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது பயமாக இருந்தது. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு நிர்வாகம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில் மெட்டில்டாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொன்னார்கள். கண் டாக்டர் திருநெல்வேலியிலிருந்து வாரத்தில் ஒரு நாள் வருபவர். ஆபரேஷனுக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள். மாதா கோயில் திருவிழா முடிந்து முறை வரும் என்றாள் கிருபை. திருவிழா ஆடியில், நாங்கள் போனது மாசியில். மெட்டில்டாவுக்கு அடுத்த பெயர் சங்கரபாண்டியனின் மனைவி ஆறுமுகத்தாய்.

"ஆடி வரைக்குமா? அதுக்குள்ள ஒரு கப்பலையே கட்டி முடிச்சிருவான்!" என்று நான் குதித்தேன்.

"கப்பலு கட்டுற எடத்துல கண்ணு ஆபரேசன் செய்வாகளான்னு கேட்டுப் பாருங்க அண்ணாச்சி" என்றாள் கிருபை. பெஞ்சே சிரித்தது. மெட்டில்டாவும் சிரித்தாள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்து மாரிச்செல்வம் வந்தான். எங்கள் மில்லர்புரம் தெருவில் நான்கு வீடு தள்ளி இருப்பவன், இன்சூரன்ஸ் ஏஜென்ட். மூத்த குடிமக்களுக்கென்று ஒரு புதுத் திட்டம், பெரிய ஆஸ்பத்திரி, போனில் நேரம் குறித்துக்கொண்டு போகலாம், குளிர்சாதன அறை, காத்திருக்கவே வேண்டாம் என்றான். கடைசிச் சொல்லைக் கேட்டதும் நான் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி, கண்ணு ஆபரேசனுக்கு மட்டும் அவுக கொஞ்சம்…"

"கொஞ்சம் கூடக் கேப்பானுக, அவ்வளவுதானல? தெரியும்ல. நான் பாக்காத ஏஜென்டா? எங்கன கையெழுத்துப் போடணும், அதைச் சொல்லு."

அவன் கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினான். அந்த வாக்கியத்தின் மீதிப் பாதியை நான் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு வாக்கியம் முடியும்வரை பொறுக்க முடியாத மனுஷன், காத்திருப்பதை ஒழிக்கக் கிளம்பினேன்.

பிறகு நோய் விவரம் எழுதுகிற இடம் வந்தது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த போர்டிங் கிளார்க் விழித்துக்கொண்டான். எனக்குச் சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை, கயிற்றேணியில் வழுக்கியதில் பிசகின தோள், மழைக்காலத்து இருமல் எல்லாம் எழுதினேன். மெட்டில்டாவுக்கு சுகர், பிரஷர், புரை, முழங்கால் வலி, பிரசவத்தில் வந்த வலிப்பு, கால் ஆணி, போன ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பலகாரம் சுடும்போது வந்த தலைசுற்றல். எழுத எழுத இடம் போதவில்லை, தனித்தாள் கேட்டேன்.

மாரிச்செல்வம் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணாச்சி, உள்ள நோயை எழுதணும், சரி. தலைசுத்துனது, கால் ஆணியெல்லாம் யாராவது எழுதுவாகளா?"

"எழுதாம இருந்து நாளைக்கு அகப்பட்டா? கப்பலையே பிடிச்சு வச்சிருவான்ல!"

"இது கப்பல் இல்ல அண்ணாச்சி."

"எல்லாம் கப்பல்தான்ல."

அடுப்படியிலிருந்து மெட்டில்டா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கத்தை விட்டுவிட்டு இதற்குப் போகிறோம் என்று விளக்கினேன். அவள் சந்தா என்ன, செலவு என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை.

"கண்ணு ஆபரேசன் அங்கன சீக்கிரம் ஆயிருமா?" என்றாள்.

"இந்த மாசத்துக்குள்ள."

"நெசமாவா சொல்லுதிய?"

"ஏளா, நான் என்னைக்கு ஒனக்குப் பொய் சொன்னேன்?"

அவள் முகம் தெளிந்தது. அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏன் அவ்வளவு ஆசை என்று கேட்டிருக்கலாம். எனக்கு சங்கத்துக்கு ராஜினாமா எழுதுகிற அவசரம். கடிதத்தில் நிர்வாகத்தைப் பற்றி நீளமாக எழுதி, சங்கரபாண்டியன் கையிலேயே கொடுத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். நாடு விட்டுப் போகிற ராஜா மாதிரி இருந்தது எனக்கு. பெஞ்சில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது.

புது ஆஸ்பத்திரி பாளையங்கோட்டை ரோட்டில். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது. தரை வழுவழு என்று இருந்தது. மெட்டில்டா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், தரை வழுக்கும் என்று பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டோம். ஒரு பெண் சீட்டில் நம்பர் அடித்துக் கொடுத்தாள். சுவரில் பெரிய போர்டு, அதில் சிவப்பு எழுத்தில் நம்பர் வரும், வந்தால் உள்ளே போகலாம். பெயர் சொல்லிக் கத்துவது கிடையாது. எல்லோரும் செல்போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தார்கள். எனக்கு சொர்க்கமாகப் பட்டது.

"பாத்தியா, இதுதான் நிர்வாகம். நம்ம நம்பர் வந்ததும் உள்ள போயிரு. நான் மாடிக்குப் போயி இன்சூரன்ஸ் கவுன்டர்ல ஆபரேசனுக்குச் சொல்லிட்டு வாரேன்" என்று சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அதற்குள் லிப்டுக்குப் போய்விட்டேன்.

மாடியில் ஒரு சின்னப் பையன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தட்டினான். பிறகு பவ்வியமாகச் சொன்னான், புரை ஆபரேஷனுக்கு இந்தத் திட்டத்தில் இரண்டு வருஷம் கழித்துத்தான் பணம் கிடைக்கும், அது எல்லோருக்கும் உள்ள விதி என்று. முழங்காலுக்கும் அப்படியே. ஏற்கனவே இருப்பதாக எழுதின மற்ற நோய்களுக்கு அதற்கும் மேலே. வலிப்பு, தலைசுற்றல் என்று இரண்டையும் சேர்த்து எழுதியிருந்ததால் தலை சம்பந்தப்பட்டது எதற்குமே கிடையாது.

"அப்பம் எதுக்குத்தான் தருவிய?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "விபத்து சார். புதுசா ஏதாவது காய்ச்சல் வந்தா கிடைக்கும். பாம்புக்கடி உண்டு சார்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தலை சம்பந்தப்பட்டதற்குக் காப்பீடு இல்லை என்பதால் அதையும் நானே தாங்க வேண்டியிருந்தது. மேலதிகாரியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்தார். அவருக்கு மேலே உள்ளவரைக் கேட்டேன். மாரிச்செல்வத்துக்கு போன் போட்டு அந்த இடத்திலேயே ஏசினேன். "அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்கதான் விடல" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். உள்ளதை உள்ளபடி எழுதிய யோக்கியனுக்கு இதுதான் மரியாதையா என்று ஒரு பிரசங்கம் செய்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் என்னால் காத்துக்கிடந்தார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

கீழே வந்தபோது கூட்டம் கரைந்திருந்தது. மெட்டில்டா உள்ளே போய் டாக்டரைப் பார்த்து வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் நான் விட்டுப்போன அதே நாற்காலியில், மடியில் பையை வைத்து அதன்மேல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்டைப் பார்த்தேன். எங்கள் நம்பர் எப்போதோ போய்விட்டிருந்தது.

"ஏளா, நம்பர் போயிட்டே! எங்கன பாத்துக்கிட்டு இருந்த?"

"போயிட்டா?" என்றாள். "எனக்கு போர்டு தெரியலைங்க."

"என்னது தெரியல? இம்புட்டுப் பெருசா எழுதியிருக்கான்!"

"செவப்பா ஏதோ மினுங்குது. நம்பர் தெரியல."

"பக்கத்துல யாருட்டயாவது கேக்கக் கூடாதா?"

"பக்கத்துல ஆளு இருக்காகளா இல்லையான்னு தெரியல. யாரும் பேச மாட்டேங்காக." பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க வருவியன்னு இருந்தேன்."

நான் அவள் முகத்துக்கு எதிரே விரல்களை நீட்டினேன். எத்தனை என்று கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு எண்ணைச் சொன்னாள், தப்பு. வலது கண்ணை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். "வெளிச்சம் தெரியுதுங்க" என்றாள், என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்.

அந்த வழுவழுத் தரையில் நின்றுகொண்டு எனக்கு ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாளாகக் குழம்பு மீனில் முள் இருந்தது, கவனமில்லை என்று ஏசினேன். மீன்காரியிடம் செவுளைப் பார்த்து வாங்குகிறவள், மோந்து பார்த்து வாங்க ஆரம்பித்திருந்தாள். டிவிக்கு எதிரே உட்காராமல் அடுப்படியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஊரான் கப்பல்களில் ஒரு ஊறுகாய் பாட்டிலைக்கூட விடாத கண், சொந்த வீட்டில் இவ்வளவையும் விட்டிருக்கிறது. அவளுடைய கால் ஆணியை எழுதத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

"எப்பருந்து இப்படி? ஏன் சொல்லல?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலருந்து. சொன்னா ஒங்களால பொறுக்க முடியாதுல்லா. ஆஸ்பத்திரில போயிச் சண்டை போடுவிய. முறை வரட்டும், அதுவரைக்கும் சமாளிச்சுக்கிடலாம்னு பாத்தேன். அங்கன பெஞ்சுல ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க. குரலை வச்சு ஆளைச் சொல்லிருவேன். கிருபை பேரைச் சொல்லிக் கூப்புடுவா."

அதாவது, எனக்குக் காத்திருக்கத் தெரியாது என்பதால் அவள் எனக்கும் சேர்த்துக் காத்திருந்தாள். அந்த நேரத்தில் மனுஷன் செய்ய வேண்டியது என்ன? அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் சரி, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவது. நான் என்ன செய்தேன்? கவுன்டர் பெண்ணிடம் போனேன். டாக்டர் கிளம்பிவிட்டார், அடுத்த வாரத்தில் நேரம் போட்டுத் தருகிறேன் என்றாள். "ஒங்க நேரமும் வேண்டாம், ஒங்க ஆஸ்பத்திரியும் வேண்டாம்" என்று சீட்டைக் கிழித்து அந்த வழுவழுத் தரையில் போட்டுவிட்டு, கண் தெரியாத மனைவியைக் கூட்டிக்கொண்டு வீறாப்பாக வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு எனக்காகத் தானாகத் திறந்தது. அறைந்து சாத்தக்கூட வழியில்லாத கதவு.

மறுநாள் சங்கரபாண்டியனிடம் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதியை வாசித்தார். விலகியவர் திரும்பச் சேரலாம், ஆனால் ஆபரேஷன் வரிசையில் கடைசியில்தான் பெயர் வரும். மெட்டில்டாவின் பழைய இடம் போய்விட்டது. அந்த இடத்துக்கு ஆறுமுகத்தாய் வந்துவிட்டாள். புது முறை திருவிழாவுக்கு வெகுநாள் கழித்து, மழைக்காலம் தாண்டி, கிறிஸ்துமஸ் பக்கம்.

"என் வீட்டுக்காரி இடத்தைக் குடுத்துருவேன் அண்ணாச்சி. ஆனா கமிட்டில நாலு பேரு கேப்பாக, செயலாளரு தன் சிநேகிதனுக்குச் சாதகம் பண்ணுதாருன்னு. ஒங்க லெட்டர்லயே அதைத்தான எழுதியிருக்கிய, இங்கன சாதகம் நடக்குன்னு?"

எழுதியிருந்தேன். நடக்காத ஒன்றையும் சேர்த்து எழுதிவிட்டேன். எழுதியவனை யாரும் பிடிக்க முடியாது என்று நினைத்தவனை அவனுடைய எழுத்தே பிடித்து நிறுத்தியது. கைக்காசைப் போட்டு வேறு எங்காவது செய்துவிடலாம் என்று மெட்டில்டாவிடம் சொன்னேன். "கப்பல்ல வேலை பாக்குத நம்ம மகன் கஷ்டப்பட்டு அனுப்புத காசு. முறையிலயே பாப்போம். வந்துரும்" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. முதல்முறையாகப் பொறுமையாக இருக்கப் பழகுகிறேன் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன். பொறுக்கக் கூடாத இடம் பார்த்துப் பொறுத்தேன்.

அதற்குப் பிறகு பெஞ்சில் என் துண்டும் விழுந்தது. மெட்டில்டாவை மாத்திரைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ராஜா திரும்பி வந்துவிட்டார் என்று நாலைந்து நாள் கேலி பேசினார்கள். மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறி இறங்கியது. ஆறுமுகத்தாய்க்கு ஆபரேஷன் ஆகி, அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் எல்லோருடைய நரையையும் எண்ணினாள். மெட்டில்டா அவளோடு சேர்ந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணாடி என் பெண்டாட்டி போட்டிருக்க வேண்டியது.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் மெட்டில்டாவுக்கு வாந்தி. தலை இடிக்கிறது என்றாள். முந்தின நாள் மீன் ஆகவில்லை என்று நான் முடிவு கட்டினேன், வழக்கம்போல அவள் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே. எப்படியும் மாத்திரை நாள்தான், பெஞ்சுக்குப் போய் முறைக்குக் காத்திருந்தோம். அவள் முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஆறுமுகத்தாய்தான் குனிந்து அந்தக் கையை விலக்கிப் பார்த்தாள்.

"அய்யோ, மைனிக்குக் கண்ணு ரத்தமாச் செவந்து கெடக்கு! இங்க வாங்க சிஸ்டர்!"

கிருபை ஓடி வந்தாள். கண்ணைப் பார்த்தாள். பெயர், முறை ஒன்றும் இல்லை, மெட்டில்டாவை அணைத்துப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். பெஞ்சில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. கால்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். ஊரில் எத்தனையோ கப்பல்களை முறை தாண்டி உள்ளே கொண்டுவர நான் கெஞ்சியும் சண்டை போட்டும் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. நான் பெஞ்சை விட்டு எழுந்து நிற்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.

புரை முற்றி, உள்ளே வீங்கி, கண்ணில் பிரஷர் ஏறியிருந்தது. அன்றைக்கே திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள், சங்கமே செலவைப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச நாளில் இடது கண்ணுக்கும் செய்தார்கள். இடது கண் நன்றாக வந்துவிட்டது. வலது கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு செத்துப்போய்விட்டது, அது திரும்பாது என்றார் டாக்டர். "திருவிழா சமயத்துலயே செஞ்சிருந்தா ரெண்டும் தப்பிச்சிருக்கும். லிஸ்ட்ல பேரு இருந்த மாதிரி ஞாபகம், ஏன் வரலை?" என்று கேட்டார். அவர் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மெட்டில்டா முந்திக்கொண்டாள். "ஊர்ல ஒரு விசேசம் டாக்டர். வர முடியல" என்றாள்.

அந்த இன்சூரன்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது. வருஷா வருஷம் கட்டுகிறேன். மாரிச்செல்வம் விட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்றுதான் சொல்கிறான். பாம்பு கடித்தால் உதவும் என்று அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நிஜமான காரணம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் அதைக் கட்டும்போது கொஞ்சம் வலிக்கிறது, அந்த வலி எனக்கு வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் பீச் ரோடு வழியாக நடந்து வந்தோம். நான் வழக்கம்போல நாலு எட்டு முன்னால் போய்விட்டு, ஞாபகம் வந்து நின்று, அவள் வந்ததும் வலது பக்கத்தில் சேர்ந்துகொண்டேன். வெளியே நிற்கிற கப்பல்களில் விளக்குப் போட்டிருந்தார்கள். எது என்ன சரக்கு, எத்தனை நாளாக நிற்கிறது என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். அவள் நின்றாள்.

"என்னங்க, இந்தப் பக்கம் வாங்க."

"ஏன், அங்கன சேறா கெடக்கு?"

"சேறு இல்ல. அந்தப் பக்கம் வந்தா ஒங்க பேச்சு மட்டும் வருது, ஆளைக் காணோம். நீங்க போய்ச் சேந்ததுக்குப் பொறவு நான் தனியா நின்னு ஒங்களை நெனச்சுக்கிட்டு இருக்க மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் அவளைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன். அவள் என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, "ம், இப்பம் போவோம்" என்றாள்.